ஒரு வருஷமும் ஒரு மானும்

வெர்லா ஹாஸ்கலுக்கு நாற்பத்து நான்கு வயது. அதில் பத்தொன்பது வருஷம், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் புரட்டிப் போட்டே போய்விட்டது. முதியோர் இல்லத்தில் உதவியாள் வேலை என்றால் வேறென்ன? புரட்டு, துடை, ஊட்டு, மறுபடியும் புரட்டு. இடுப்பு விட்டுப்போய் மூன்று வருஷமாகிறது. நேற்றுப் படிப்பை முடித்து வந்த நர்ஸ் பெண் சூயிங்கத்தை மென்றுகொண்டே, "வெர்லா, மூணாம் ரூமுக்குத் துணி மாத்தியாச்சா?" என்று கேட்கும்போது இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்த மருந்து யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்று அந்தப் பெண்ணுக்கே இவள்தான் காதோடு சொல்லிக்கொடுப்பாள். என்ன பிரயோஜனம்? மருந்து ஏட்டில் கையெழுத்துப் போடும் உரிமை அந்தப் பெண்ணுக்குத்தான்.

போன வருஷம்தான், அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் அவள் முன்பு வேலை பார்த்த இல்லத்தை இழுத்து மூடினார்கள். எல்லை தாண்டிப் பக்கத்து மாநிலமான மொன்டானாவில் இந்த வேலை கிடைத்தது. காரில் இரண்டு மணி நேரத் தூரம். அந்த ஊரில் அரசுப் பல்கலைக்கழகம் இருந்தது, அதில் நர்ஸ் படிப்பும் இருந்தது. இடுப்பு முழுசாகப் படுத்துவிடுவதற்குள் படித்து நர்ஸாகிவிட வேண்டும் என்று அவள் அன்றைக்கே முடிவு கட்டினாள்.

ஆனால் அதில் ஒரு முடிச்சு. மாநிலத்துக்காரர்களுக்கு ஒரு கட்டணம், வெளியாட்களுக்கு அதைப் போல மூன்று மடங்கு. மூன்று மடங்கைப் பற்றி வெர்லா கனவுகூடக் காண முடியாது. மாநிலத்துக்காரி ஆக வேண்டுமென்றால் பன்னிரண்டு மாதம் அங்கேயே குடியிருந்து, இதுதான் என் ஊர் என்று காகிதத்தில் காட்ட வேண்டும். அந்தப் பன்னிரண்டு மாதத்தில் வேறொரு மாநிலத்தின் ஆளாக எங்கேயும் எந்தச் சலுகையும் அனுபவித்திருக்கக் கூடாது.

வெர்லா ஒன்று விடாமல் செய்தாள். வந்த வாரமே ஓட்டுநர் உரிமத்தை மாற்றினாள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தாள். வரியை இங்கே கட்டினாள். குதிரைப் படம் போட்ட பழைய நம்பர் தகட்டைக் காரிலிருந்து கழற்றும்போது மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். ரசீது ஒவ்வொன்றையும் நீலக் கோப்பில் தேதிவாரியாக அடுக்கினாள். கூடக் குடியிருந்த ரோசெல் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"ஏண்டி, பால் வாங்கின சீட்டக்கூட ஒட்டி வெச்சிருக்கியே! பசுமாடும் இந்த மாநிலம்தான்னு எழுதி வாங்கிக்கோ, எதுக்கும் இருக்கட்டும்."

"நீ சிரிச்சுக்கோ. நாளைக்கு ஒரு சீட்டு இல்லன்னு திருப்பி அனுப்பினான்னா நீயா வந்து மூணு மடங்கு கட்டப்போற?"

இல்லத்தில் ஆர்விட் என்றொரு பெரியவர் இருந்தார். கோதுமை விதைத்துப் பிழைத்த மனிதர். இப்போது நினைவு ஒரு நாளுக்கு மேல் தங்காது. ஒவ்வொரு சாயங்காலமும் வெர்லா அவரைப் புரட்ட வரும்போது ஒரே கேள்விதான். "புது முகமா இருக்கியேம்மா. இந்த ஊருக்கு வந்து நாளாச்சா?"

"நூத்திப் பத்து நாள் ஆச்சு, ஆர்விட்," என்பாள். மறுநாள் நூற்றுப் பதினொன்று. அந்தக் கணக்கைச் சொல்வதில் அவளுக்கு ஒரு தெம்பு. முந்நூறைத் தாண்டியதும் அவர், "அடேங்கப்பா! அப்ப நீ நம்ம ஊர்க்காரிதான்," என்று கையை அழுத்துவார். அடுத்த நாள் மறந்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆச்சரியப்படுவார்.

ஆகஸ்டு மாதம், முந்நூற்று எழுபத்து மூன்றாம் நாள், நீலக் கோப்பைத் தூக்கிக்கொண்டு பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனாள். யார் மாநிலத்துக்காரர் என்று முடிவு செய்கிறவர் டெல்மர் ஓக்லி என்ற தடித்த மனிதர். அவர் தலைக்கு மேல் சுவரில் எல்க் மானின் கொம்பு ஒன்று, அறை கொள்ளாமல் விரிந்து நின்றது. அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"ஒரு வருஷம் எட்டு நாள். கச்சிதமா இருக்கும்மா. இப்படி ஒரு ஃபைல நான் என் சர்வீஸ்லயே பாத்ததில்ல. கடைசியா இந்த உறுதிமொழில ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

 பைக்குள் கைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். "எல்க் உப்புக்கண்டம், சார். நானே சுட்டு, நானே உப்புப் போட்டுக் காயவெச்சது. லஞ்சம்னு நினைச்சுக்காதீங்க, சந்தோஷத்துக்குக் குடுக்கறேன்."

"இதப்போய் எவன் வேண்டாம்பான்?" டெல்மர் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். "ஆகா! மிளகு தூக்கலா இருக்கு. எந்தப் பக்கம் சுட்டீங்க?"

"பிக்ஹார்ன் மலை, வயோமிங் சரிவுல. பதினாலு வயசுலேர்ந்து அக்டோபர் பிறந்தா நானும் என் தம்பி கிளின்ட்டும் அங்கதான். ஒரு வருஷம் தவறினதில்ல."

"கொடுத்துவெச்சவங்க! வெளி மாநிலத்துக்காரனுக்கு அங்க குலுக்கல்லதானே லைசென்ஸ் குடுக்கறான்? எட்டு வருஷமா மனு போடறேன், எனக்கு விழவேயில்ல. உங்களுக்கு மொத வருஷமே விழுந்துருச்சா?"

"குலுக்கலா? அதெல்லாம் எதுக்கு சார்? கடைக்குப் போனேன், எப்பவும்போல வாங்..."

டெல்மரின் தாடை நின்றது. கடையில் நேரே வாங்குவது வயோமிங்வாசிகளால் மட்டும்தான் முடியும்.

நடந்தது இவ்வளவுதான். போன அக்டோபரில் பழைய ஊரின் துப்பாக்கிக் கடைக்குப் போனாள். முப்பது வருஷமாக அவளுக்கு லைசென்ஸ் எழுதிய கடைக்காரர் தலையைத் தூக்காமலே, "வழக்கம்போலத்தானே, வெர்லா?" என்றார். அவளும், "வழக்கம்போலத்தான்," என்றாள். பழைய எண்ணைத் தட்டி, வயோமிங்வாசி என்று அச்சடித்துச் சீட்டைக் கையில் கொடுத்தார். பால் சீட்டைக்கூட ஒட்டி வைத்தவளுக்கு அந்தச் சீட்டு ஒரு காகிதமாகவே கண்ணில் படவில்லை. வீடு மாறும், வேலை மாறும், மலை மாறுமா என்ன? சின்ன வயதிலிருந்து வேட்டைக்குப் போகிறவர்களுக்கு அது அப்படித்தான். பாழாய்ப்போன பழக்கம்!

டெல்மர் மென்றதை மெல்ல விழுங்கினார். உறுதிமொழித் தாளைத் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்தார். கடந்த பன்னிரண்டு மாதங்களில் வேறு மாநிலத்தவர் என்ற உரிமையில் வேட்டை, மீன்பிடி உரிமம் உட்பட எதையும் பெறவில்லை என்று அதில் இருந்தது.

"சார்," வெர்லாவின் குரல் இறங்கிவிட்டது. "நான் சொல்லல, நீங்க கேக்கலன்னு வெச்சுக்கக் கூடாதா?"

"இதுல நீங்க கையெழுத்துப் போடணும். பக்கத்துல நான் சாட்சிக் கையெழுத்துப் போடணும். அந்தக் கறிய மென்னுக்கிட்டே எப்படிம்மா போடறது?"

"ஒரு வருஷமா இந்த ஊர்க்காரங்களுக்கு மலமும் மூத்திரமும் அள்ளறேன். அவங்க சாகறப்போ பெத்த புள்ளைங்ககூட வரல, நான்தான் கையப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தேன். ஒரு மானைச் சுட்டதுல நான் வெளியாள் ஆயிட்டனா?"

"நீங்க இந்த ஊர்தான், எனக்குத் தெரியுது. என் மனசு சொன்னாப் போதுமா? காகிதம் சொல்லணுமே." அவர் முகமும் வாடித்தான் இருந்தது. "அந்த லைசென்ஸ ஒப்படைச்சிட்டேன்னு எழுதிக் குடுங்க. வேட்டைத் துறைக்கும் நீங்களே போய்ச் சொல்லிருங்க, அபராதத்தோட போகும். எழுதிக் குடுக்கற தேதிலேர்ந்து பன்னெண்டு மாசம்."

"மறுபடியும் மொதல்லேர்ந்தா?"

"இன்னைக்கே எழுதினா இன்னைக்கே எண்ண ஆரம்பிக்கலாம்."

வெர்லா பேனாவை வாங்கி எழுதினாள். அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை. எழும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. மேசையைப் பற்றி நிமிர வேண்டியிருந்தது. டெல்மர் பொட்டலத்தை மடித்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

மூன்று மணிக்கு வேலை. சூயிங்கம் பெண் ஏட்டோடு எதிரே வந்து, "இன்னைக்கு ஏதோ காலேஜ் விஷயமாப் போனியாமே, ஆச்சா?" என்றாள்.

"ஆச்சு. ஏழாம் ரூமுக்கு அந்த மாத்திரையக் குடுத்துறாத, தடிப்பு வரும்," என்று சொல்லிவிட்டு வெர்லா நடந்தாள்.

ஆர்விட் ஜன்னல் பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். அவள் போர்வையை விலக்கியதும் திரும்பினார்.

"புது முகமா இருக்கியேம்மா. இந்த ஊருக்கு வந்து நாளாச்சா?"

வெர்லா வாயைத் திறந்தாள். நேற்று வரை நாக்கு நுனியில் இருந்த எண் இன்று இல்லை.

"இல்ல ஆர்விட்," என்றாள். "இன்னைக்குத்தான் வந்தேன்."

"அப்படியா? பாவம், ஒண்ணும் பழகியிருக்காது. கவலப்படாத. கை கழுவற எடம் அதோ அந்தப் பக்கம். துணியெல்லாம் கீழ்த் தட்டுல இருக்கும்."

"சரி," என்றாள் வெர்லா. கீழ்த் தட்டிலிருந்து துணியை எடுத்துக்கொண்டு வந்து, ஒரு கையைத் தோளுக்கும் ஒரு கையை இடுப்புக்கும் கொடுத்து, அவரைச் சுவர்ப் பக்கமாகப் புரட்டினாள்.