பஞ்சாயத்துத் தாள் செல்லாது என்றார்கள்

என் கணவர் ஆனி மாதம் இறந்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, நான் அவருடைய மனைவியே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அம்மனை நம்பி இதைப் படிக்கிற உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? அன்று எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். அவர் வெளிநாட்டில் உழைத்துத் தன் பெயரில் வாங்கிய ஒன்றரை ஏக்கர் வயலும் ஒரு வீடும்தான் சொத்து. உயில் எழுதவில்லை. வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போட்டோம். விசாரிக்க வந்த கிராம நிர்வாக அலுவலரிடம், அவருக்கு முன்பே ஒரு கல்யாணம் ஆனதை ஊரார் சொல்லிவிட்டார்கள். அது பொய்யில்லை. குழந்தை இல்லையென்று முதல் மனைவி ராஜாத்தியைப் பஞ்சாயத்தில் உறவை அத்துவிட்டு, அதை முத்திரைத் தாளில் எழுதி வாங்கிய பிறகுதான் என்னைக் கட்டினார். அந்தத் தாளை நகையோடு நகையாகப் பீரோவில் பூட்டி வைத்திருந்தேன்.

மனு நின்றுபோனதால் அதை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் போனேன். வக்கீலம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது கோர்ட்டு கொடுத்த விவாகரத்து இல்லம்மா. உங்க ஆளுங்க வழக்கம்னு நிரூபிச்சா நிக்கும். அதுக்கு வருஷக்கணக்குல அலையணும். இல்லன்னா சட்டப்படி அவங்கதான் மனைவி. சொத்துல உங்க பொண்ணுக்குப் பாதி, அவங்களுக்குப் பாதி.”

“எனக்கு?”

“ஒண்ணும் இல்லம்மா. முதல்ல அவங்கள நேர்ல பாத்துப் பேசுங்க.”

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சம்பா நடவு நேரம். வயலில் நின்றால் வீட்டுக்கு ஓடத் தோன்றும். வீட்டுக்கு வந்தால் உலையில் அரிசி போட்டேனா என்பதே மறந்துபோகும். அம்மனிடம் இரண்டு கேட்டேன். வீடும் வயலும் என் மகள் வினோதினியை விட்டுப் போகக் கூடாது. அவர் மனைவி என்ற பெயர் என்னை விட்டுப் போகக் கூடாது. மூன்றாவதாக, ராஜாத்தி செத்திருக்க வேண்டும் என்றும் வேண்டினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வேண்டினேன்.

கோயிலில் பூப் போட்டுக் கேட்டேன். பொட்டலத்தில் வெள்ளைப் பூ வந்தால் அவளைத் தேடிப் போவது, சிவப்பு வந்தால் போகாமல் இருப்பது. வெள்ளை வந்தது. மறுபடி கேட்டேன், வெள்ளை. மூன்றாவது முறையும் வெள்ளை. “ஆத்தா ஒரு தடவைதான் சொல்லுவா. நீதான் மூணு தடவை கேக்குற,” என்று பூசாரி முறைத்தார்.

விசாரித்துப் போனால், பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் ராஜாத்தி உட்கார்ந்து கீற்று முடைந்துகொண்டிருந்தாள். நான் யார் என்று சொல்லித் தாளைக் காட்டினேன்.

“இது எங்கப்பா கைநாட்டு. என்னைய யாரும் கேக்கல. அவரு போனதுக்கும் யாரும் சொல்லி அனுப்பல,” என்றாள். முடைந்த கீற்றைத் தள்ளி வைத்துவிட்டு, “வயலும் வேணாம், வீடும் வேணாம். உன் பொண்ணுக்கே எழுதித் தர்றேன். ஆனா சர்டிபிகேட்டுல பொண்டாட்டின்னு என் பேருதான் வரணும். ஊரு என்னையத் தள்ளி வச்சவன்னு சொன்னது போதும்.”

கொடுத்த டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். சொத்தைக் கேட்டிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். நான்கு நாள் அம்மனுக்கு விளக்கே ஏற்றவில்லை. மகள்தான் பேசினாள். “அவங்க கேக்குறது அவங்களோடதுதானேம்மா? நீ யாருன்னு எனக்குத் தெரியாதா?”

சம்மதித்தேன். கோர்ட்டில் சமரசமாக எழுதி முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. சான்றிதழ் வந்தது. மனைவி ராஜாத்தி, மகள் வினோதினி. என் பெயர் எங்கும் இல்லை.

தை மாதம் பத்திர ஆபீசில் ராஜாத்தி அக்கா தன் பாகத்தை வினோதினிக்கு விடுதலைப் பத்திரமாக எழுதிக் கொடுத்து, தன் கையால் கைநாட்டு வைத்தாள். சாட்சிக்கு வருவதாகச் சொன்ன இருவரில் ஒருவர் வரவில்லை. “நீங்களே போடுங்கம்மா,” என்றார் பத்திரம் எழுதுபவர். சாட்சியின் பெயர், கணவர் பெயர், ஊர். என் பெயரை எழுதினேன். பிறகு பேனா நகரவில்லை.

“ஏன் நிறுத்திட்ட?” என்றாள் அக்கா.

“புருஷன் பேரு கேக்குறாங்கக்கா.”

“அவரு பேரை எழுது. வேற யாரு பேரை எழுதுவ?”

எழுதினேன். கண்ணீர் தாளில் விழாமல் முந்தானையால் பிடித்துக்கொண்டேன். கேட்ட இரண்டையும் அம்மன் கொடுத்துவிட்டாள். கேட்கக் கூடாததைக் காதில் வாங்கவில்லை, அதற்குத்தான் நான் பெரிய கும்பிடு போடுகிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாள் இருந்தால் நாளைக்கே வக்கீலிடம் காட்டுங்கள். வீட்டுக்காரரை உயில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் எழுதியிருந்தால் அம்மனுக்கு இவ்வளவு வேலை இருந்திருக்காது. அப்புறம் அவளை நம்புங்கள். நீங்கள் பயந்து ஒதுங்குகிற ஆளிடமே அவள் உங்களை அனுப்பினாலும் போங்கள்.

சித்திரைத் திருவிழாவுக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண், யார் இவங்க என்று கேட்டாள்.

“எங்க வீட்டுக்காரரோட சம்சாரம்,” என்றேன்.