செல்லம்மாளின் வெறும் வயிறு

ஊசி குத்துவது சுலபம். குத்தும்வரை ஒருத்தியை வெறும் வயிற்றோடு வைத்திருப்பதுதான் எங்கள் வேலையில் பெரும்பாடு. ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருக்கும் சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்! வண்டிப்பெரியார் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நானும் உங்களைப்போல் ஓர் ஆயா.

மஞ்சள்

கொழுந்து கிள்ளும் செல்லம்மா மதினிக்கு ஏழாம் மாசம். அவள் சிறுநீரை நீல மருந்தில் ஊற்றிக் காய்ச்சினோம், மஞ்சளாகிவிட்டது. சர்க்கரை இருக்கிறதென்று அர்த்தம். டாக்டர் மலையாளத்துக்காரர், ஆனால் தமிழ் நன்றாக வரும். “காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் பார்க்கணும். எண்பதிலிருந்து நூற்றிருபதுக்குள் இருந்தால் சரி. மேலே போனால் பிரசவம்வரை கோட்டயத்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கணும்” என்றார்.

மதினிக்கு முகம் செத்துப்போயிற்று. வீட்டில் இரண்டு சின்னதுகள். புருஷனுக்குத் தேயிலை பேக்டரியில் வேலை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “ஏட்டி, நான் கோட்டயம் போனா எம்புள்ளைகளுக்கு யாரு கஞ்சி ஊத்துவா?”

சாயா சாப்பாடா?

மறுநாள் விடிந்ததும் வந்தாள். டாக்டர் ஊசியை எடுத்துவிட்டார். எதற்கும் கேட்டுவைப்போமென்று, “ஒண்ணும் சாப்பிடலையே மதினி?” என்றேன்.

“பச்சத் தண்ணி பல்லுல படலை. பாலில்லாத கட்டன் சாயா மட்டும், கருப்பட்டி போட்டு.”

டாக்டர் ஊசியைத் திரும்ப வைத்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவளுக்கோ என்மேல் கோபம்: “சாயா குடிச்சா வயிறா நிறையும்? வாயைத்தானட்டி நனைச்சேன்!”

வழியெல்லாம் விருந்து

அடுத்த தடவை சாயா குடிக்கவில்லை, சத்தியம். ஆனால் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளைத் தாண்டித்தானே வரவேண்டும்? வயிற்றுப்பிள்ளைக்காரி பசியோடு வாசல் கடந்தால் அந்த வீட்டுக்கு ஆகாது என்பது இங்கே வழக்கம். ஒரு வீட்டில் அவல், ஒரு வீட்டில் வாழைப்பழம். டாக்டர் எரிச்சலாகிவிட்டார். இன்னும் ஒரே தடவை பார்ப்பேன், அதுவும் கெட்டால் நேரே கோட்டயம் என்று சொல்லிவிட்டார்.

பழம் கொடுத்த பேச்சியக்காவிடம் சண்டைக்குப் போனேன். அவள் அசரவில்லை: “உங்க டாக்டர் புள்ள பெத்தாரா, நாங்க பெத்தமா?”

காவல்

விடுவேனா? மூன்றாம் தடவை அவளை அழைத்துவர நானே போனேன், என் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. மதினியைத் தனியாகப் பட்டினி போடுவானேன் என்று நானும் ஒன்றும் குடிக்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் நீண்ட கையை மறித்தேன். “கொடுக்காட்டி பாவம்” என்றார்கள். “அப்ப என் கையில கொடுங்க, ரத்தம் எடுத்ததும் அவ வாயில போடுறேன்” என்றேன். அந்தப் பேச்சு எடுபட்டது. கருப்பட்டி, பொரி, கடலை மிட்டாய் எல்லாம் என் முந்தானையில் சேர்ந்தன. பேச்சியக்கா மட்டும் ஒரு பழத்தைக் கொண்டுவந்து, என் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு என்னை முறைத்தாள்.

ரத்தம் எடுத்தாயிற்று. பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தோம். மதினி என் முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்குத் தெரியும்வரை எதுவும் இறங்காது என்று சொல்லிவிட்டாள். டாக்டர் வெளியே வந்து, “தொண்ணூற்றிரண்டு. ரத்தம் சரியாக இருக்கு. பிள்ளையுண்டான சிலருக்கு நீரில் மட்டும் சர்க்கரை இறங்கும். மாசாமாசம் வந்து காட்டினால் போதும், கோட்டயம் வேண்டாம்” என்றார்.

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் கை நீட்டினாள்: “அவுறுட்டி முந்தானைய, மொதல்ல அந்தக் கருப்பட்டி!”

ஒரு வயிற்றைக் காலியாக வைக்க ஒரு லயத்தையே காவல் காக்க வேண்டும் என்பதுதான், சகோதரிகளே, இந்த வேலையில் நான் படித்த வைத்தியம்.