முதலாளியின் தூக்கத்துக்கு எடுத்த அளவு

நான் விமானத்தில் ஏறியதே கிடையாது. ஆனால் பிசினஸ் கிளாஸ் இருக்கைகளில் எதில் தூக்கம் வரும், எதில் வராது என்று என்னால் அரை மணி நேரம் பேச முடியும். அந்த அறிவை நினைத்தாலே வாய் கசக்கிறது.

இரண்டாயிரங்களின் நடுவில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் பர்ச்சேஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். சிமெண்டு ஆலைகளுக்கு, சரக்கு தானாக வழுக்கி இறங்கும் இரும்புச் சரிவுகள் செய்யும் பட்டறை அது. நிலக்கரி எந்தச் சாய்வில் நகரும், ஈரமான சுண்ணாம்பு எந்தச் சாய்வில் ஒட்டிக்கொண்டு நிற்கும் என்பதுதான் எங்கள் பிழைப்பு.

முதலாளி ஆறடி ஆள். முதுகில் டிஸ்க் விலகியிருந்தது. அமெரிக்காவில் ஒரு வாடிக்கையாளரைப் பார்க்க நேரில் போயாக வேண்டும். ஏறக்குறைய ஒரு நாள் பயணம். என்னைக் கூப்பிட்டார்.

"யோவ், நல்லா படுத்துக்கினு போற மாதிரி சீட்டு எந்த ஏர்லைன்ஸ்ல இருக்குன்னு பாரு. உக்காந்தே போனேன்னா அங்க என்னை ஸ்ட்ரெச்சர்லதான் எறக்கணும்."

மூன்று கம்பெனிகளின் வழவழப்பான புத்தகங்கள் வந்தன. மூன்றிலும் ஒரு வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டே தூங்கினாள். மூன்றும் 'முழுப் படுக்கை' என்றன. மூன்றும் பொய்தான் என்று பின்னால் தெரிந்தது, அளவில்தான் வித்தியாசம். ஒன்று நம் ஊர் வீடியோ கோச் பஸ் இருக்கை மாதிரி. அதை அன்றே தள்ளிவிட்டேன். இன்னொன்றில் முதுகும் காலும் ஒரே நேர்க்கோட்டில் வரும். ஆனால் பலகை மொத்தமும் சாய்ந்திருக்கும். தலை மேலே, கால் கீழே. மூன்றாவது தரைக்குச் சமமாக, மட்டமாகப் படுக்கும். ஆனால் கால் நுழையும் இடம் தபால்பெட்டி வாய் அளவு. டிக்கெட் ஏஜெண்டைக் கேட்டால் "எல்லாம் ஃப்ளாட்தான் சார்" என்றான். நேர்க்கோடு வேறு, மட்டம் வேறு என்று எங்கள் பட்டறையில் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும்.

முதலாளிக்குக் காகிதத்தில் நம்பிக்கை இல்லை. "நாம எதையும் செஞ்சு ஓட்டிப் பாக்காம அனுப்பறதில்லல்ல? இதையும் செஞ்சு பாருங்க" என்றார். அவர் சிரிக்கவில்லை. ஆக, ஆங்கிள் இரும்பில் இரண்டு இருக்கைகள் அடித்தோம். எளாவூர் சோதனைச் சாவடிப் பக்கம் லாரிகளுக்கு சீட் தைக்கிற கடையிலிருந்து ஃபோமும் ரெக்சினும் வாங்கி வந்தேன். புத்தகத்தில் இருந்த நீளம், அகலம், சாய்வு, எதிலும் நூல் பிசகவில்லை.

படுத்துப் பார்ப்பது யார்? முதலாளி ஷெட்டுக்குள் படுக்க மாட்டார். அவர் உயரத்துக்குப் பட்டறையில் ஒரே ஆள்தான் இருந்தான், எங்கள் வெல்டர். எளாவூர்க்காரன், நாற்பது வயது. இருபது வருஷம் குனிந்தே வெல்டிங் அடித்ததில் அவன் முதுகும் முதலாளி முதுகைப் போலவே போயிருந்தது. மதியம் சாப்பிட்டதும் அட்டைப்பெட்டியைப் பிரித்துச் சிமெண்டுத் தரையில் போட்டுப் படுப்பான். எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும்.

நான் டேப்பை நீட்டியதும் கேட்டான்: "இன்னா சார், பொணத்துக்கு அளவு எடுக்கற மாரி எடுக்கற?"

"மூடிக்கினு படு நைனா."

"மூடிக்கினாத்தான பொணம்?"

முதலில் சாய்ந்த பலகை. குதிகால் இருந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். இருபது நிமிஷத்தில் கோட்டைத் தாண்டி நாலு விரல் இறங்கியிருந்தான். நிலக்கரி மாதிரியேதான். அடுத்தது மட்டமான பலகை. அதில் படுத்தவன் குறட்டை விட்டான். மணி அடித்தும் எழவில்லை. உலுக்கி எழுப்பினேன். யார் கையையும் பிடிக்காமல் தானே எழுந்து நின்றான். அவனுக்கே ஆச்சரியம். இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"சார், இத்த ஒடைக்காத. அந்த மூலையில கெடக்கட்டும். மத்தியானம் அரை அவர் படுத்துக்கறேன். இதுக்கு மேல நான் இன்னாத்த கேக்கப்போறேன் உன்ன?"

"முதலாளி வரட்டும், நான் பேசறேன்" என்றேன். பேசுகிறவன் பெரிய ஆள் மாதிரி.

முதலாளி மட்டமான இருக்கையில் போனார். அவர் ஊரில் இல்லாத பதினைந்து நாளும் வெல்டர் அந்த மட்டமான பலகையையே கட்டிலாக்கிப் படுத்தான். மதியத்துக்கு மேல் அவன் வேலை எப்படி இருந்தது என்று நானே பார்த்தேன். மாலையில் கவரைப்பேட்டைக்கு ரயில் பிடிக்க நான் நடக்கும்போது, அவன் சைக்கிளை ஓட்டிக்கொண்டே என்னைக் கடந்து போவான். அதற்கு முன்னால் தள்ளிக்கொண்டுதான் போவான்.

முதலாளி வந்தார். "செம தூக்கம்யா. எந்த நாட்டு மேல பறந்தோம்னே தெரியல" என்றார். நல்ல நேரம் என்று நினைத்து, கட்டில் விஷயத்தைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"ஷெட்ல கட்டிலா? இன்னிக்கு அவன் படுப்பான், நாளைக்கு மொத்த ஷிஃப்ட்டும் படுக்கும். வெட்டிப் போடு. ஏசி அவுட்டோர் யூனிட்டுக்கு ஸ்டாண்டு கேட்டேன்ல, அதுக்கு ஆவும்."

"அவனுக்கு முதுகு..." என்றேன்.

"யாருக்குய்யா இல்ல முதுகு?"

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்கும் வீடு, பிள்ளை எல்லாம் இருந்தது என்று சொல்லலாம். சொன்னால் அதுவும் அந்தப் புத்தகங்களில் போட்டிருந்த மாதிரி ஒரு பொய்தான். பயம், அவ்வளவுதான். கேஸ் கட்டர் எடுத்து வெட்டியவன் வெல்டர். அது அவன் வேலை. வெட்டி முடிக்கிற வரை என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுநாள் மதியம் அட்டைப்பெட்டி மறுபடி வந்தது.

அடுத்த வருஷம் மறுபடி அமெரிக்கா. போன தடவை போன விமானத்தில் அந்தத் தேதிக்கு இடமில்லை. மட்டமான பலகை வைத்த வேறொரு கம்பெனி, சாய்ந்த பலகையில் புது மெத்தை வைத்திருக்கும் ஒரு கம்பெனி, இரண்டில் ஒன்று. "போன தடவை பண்ண மாதிரியே பண்ணு. அந்த வெல்டரையே கூப்பிடு. கரெக்டா சொல்றான்" என்றார் முதலாளி.

மறுபடி இரண்டு பலகைகள் அடித்தோம். அவனைக் கூப்பிட்டேன். வந்தான். மட்டமான பலகையில் படுத்த இரண்டாவது நிமிஷமே எழுந்து உட்கார்ந்தான்.

"அய்யய்ய, பேஜாரு சார். முதுக புடிச்சிக்கிச்சு. இத்த வேணாம்னு எழுது."

சாய்ந்த பலகையில் படுத்துக் கண்ணை மூடினான். குறட்டையும் விட்டான். நான் கால் பக்கம் போய்ப் பார்த்தேன். இரண்டு பூட்ஸையும் கீழ்ச்சட்டத்தில் அழுத்தி முட்டுக்கொடுத்திருந்தான். தொடை நரம்பு புடைத்திருந்தது. சாக்பீஸ் கோட்டிலிருந்து ஒரு நூல்கூட இறங்கவில்லை.

"இன்னா சார், எழுதிக்கினியா?" என்றான், கண்ணைத் திறக்காமலே.

"எழுதிட்டேன் நைனா." வழுக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்து வருஷத்தில் நான் தெரிந்தே போட்ட ஒரே பொய்க் கையெழுத்து அது. அன்றைக்கு மட்டும் சோறு ருசித்தது.

முதலாளி போகவர வழி முழுக்க வழுக்கியிருக்கிறார். திரும்பி வந்தவரை விமான நிலையத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் மேல் அவருக்குச் சந்தேகம் வரவில்லை, ஏர்லைன்ஸைத்தான் திட்டினார். ஒரு மாதம் கழித்து ஆபீசுக்கு வந்தார், இடுப்பில் பெல்ட்டோடு.

"டாக்டர் மத்தியானம் கட்டாயம் படுக்கச் சொல்லிட்டாரு. என் ரூம்ல ஒரு கட்டில் போடணும். மட்டமா, கெட்டியா. அன்னிக்கு செஞ்ச மாதிரியே."

வெல்டரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். கையிலிருந்த வெல்டிங் ஹோல்டரைக் கீழே வைத்தான்.

"அளவு எடுக்கணுமா?" என்றான்.

தரையில் படுத்தான். தலைமாட்டில் ஒரு கோடு, கால்மாட்டில் ஒரு கோடு போட்டேன். எழுந்திருக்கக் கை நீட்டினான். பிடித்துத் தூக்கிவிட்டேன். இரும்பு அறுக்கப் போனான்.