எதிர் ஷிஃப்ட்காரன்

போன வாரம் புனேயில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். மெஷின் பழுது பார்க்க ஊர் ஊராகப் போகிற வேலை எனக்கு, லாட்ஜ் ஒன்றும் புதிதல்ல. விரிப்பு மாற்றி, தலையணை உறை மாற்றி, புது சோப்புகூட வைத்திருந்தார்கள். அசதியில் அப்படியே சாய்ந்தேன். மெத்தை சூடாக இருந்தது. ஆள் படுத்து எழுந்த சூடு. தோளும் இடுப்பும் பட்ட இடத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதல். விருட்டென்று எழுந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ரூம்பாய் என்னவோ ஏதோ என்று ஏசியைக் கூட்டி வைத்தான். எனக்குப் பென்னலூர் ஞாபகம் வந்துவிட்டது என்று அவனிடம் எந்தப் பாஷையில் சொல்வது?

ஊர்களை ஒப்பிட ஒவ்வொருத்தருக்கும் ஒரு கணக்கு உண்டு. சிலர் காபியை வைத்துச் சொல்வார்கள், சிலர் ஆட்டோக்காரர்களை வைத்து. நான் படுக்கையை வைத்து. கோவில்பட்டியில் மொட்டைமாடியில் படுத்தால் நான் எந்தப் பக்கம் புரண்டேன் என்பது விடிவதற்குள் எதிர்வீட்டுக்குத் தெரிந்துவிடும். திருவல்லிக்கேணி மேன்ஷனில் கொஞ்ச காலம் இருந்தேன். பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டை, கோபம், நின்றுபோன கல்யாணம் எல்லாம் எனக்கு அத்துப்படி. புனேக்கு வெளியே ஒரு டார்மிட்டரியில் கட்டிலுக்குக் கட்டில் திரை போட்டிருந்தார்கள். ஆனாலும் இருமினால் திரைக்கு அந்தப் பக்கமிருந்து ‘க்யா ஹுவா’, என்ன ஆச்சு என்று ஒரு குரலாவது வரும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மட்டும்தான், ஒரே பாயில் ஒருவனோடு வருஷக் கணக்கில் படுத்தும் அவன் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன்.

விகற்பமாக நினைக்க வேண்டாம். சொல்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய பென்னலூரில் ஒரு வீட்டு மாடியில் வரிசையாக அறைகள் கட்டி விட்டிருந்தார்கள். எங்கள் அறையில் ஆறு பேர், மூன்று பாய். பகல் ஷிஃப்ட்டுக்கு மூன்று பேர் போனால், நைட் முடித்த மூன்று பேர் வந்து அதே பாய்களில் விழுவார்கள். என் பாய்க்கு எதிர் ஷிஃப்ட்காரன் முருகேசன் என்று ஒருவன், அருப்புக்கோட்டைப் பக்கம். நான் என் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடிய பிறகுதான் அவனுடைய பஸ் வந்து நிற்கும். சாவி ஜன்னல் செங்கலுக்குப் பின்னால் இருக்கும். ஷிஃப்ட் மாறுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மணிமங்கலத்தில் சித்தி வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவேன். அவனுக்கு வியாழக்கிழமை ஓய்வு. அன்றைக்கு நான் வரும்போது அறையில் இருக்க மாட்டான். எங்கே போவான் என்று தெரியாது. கம்பெனி லைனில் செல்போன் கூடாது. ஒருவன் விழித்திருக்கும்போது இன்னொருவன் தூங்குவான். பிறகு எதைப் பேசுவது?

ஆனால் அவனை எனக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பவன், பாயில் பள்ளம் அங்கேதான் இருக்கும். ஃபேனை மூன்றுக்கு மேல் வைக்க மாட்டான். எனக்குச் சளி பிடித்திருந்தபோது தலையணைக்கடியில் மாத்திரை அட்டை வைத்துவிட்டுப் போயிருந்தான். அன்றிலிருந்து பிஸ்கட் வாங்கினால் பாதியை ஜன்னலில் வைத்துவிட்டுப் போவது எங்களுக்குள் ஒரு பழக்கமாகிவிட்டது. சித்தியிடம் ‘என் ஃப்ரெண்டு முருகேசன்’ என்று பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். அவன் கறுப்பா சிவப்பா என்று சித்தி கேட்டபோதுதான் பேச்சை மாற்றினேன்.

ஒரு நாள் காலை நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறேன். மாடிப்படியில் ஒரு பெரியவர் மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முருகேசனின் தகப்பனார். அவனிடமிருந்து போன் வந்து ரொம்ப நாளாகிறதாம், இவர் போட்டாலும் அணைத்து வைத்திருப்பதாகவே சொல்கிறதாம். அம்மாக்காரி சாப்பிட மாட்டேன் என்கிறாள் என்று கிளம்பி வந்துவிட்டார். எனக்கு உள்ளூரச் சிரிப்புதான் வந்தது. கவலையே படாதீர்கள், இப்போதுதான் வேலைக்குப் போயிருக்கிறான், சாயங்காலம் வந்துவிடுவான் என்று உள்ளே அழைத்துப் போனேன். அவருக்கு நம்பிக்கை வரட்டும் என்று அவர் கையைப் பிடித்துப் பாயின்மேல் வைத்தேன்.

“பாருங்க, சூடு ஆறல. இப்பத்தான் எந்திரிச்சுப் போயிருக்காரு.”

அவர் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு போர்வையை எடுத்து முகத்தருகே கொண்டுபோனார். திருப்பிப் போட்டு இன்னொரு முனையையும் முகர்ந்தார். மெதுவாக மடித்துக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

“இது எம்புள்ள படுத்த பாய் இல்ல தம்பி.”

பயணக் களைப்பு, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். தினமும் அந்தப் போர்வைக்குள் படுக்கிறவன் நான், எனக்குத் தெரியாதா? அவருக்கு இட்லி வாங்கிக் கொடுத்தேன். அவனை நேரில் பார்க்க ஒரு சாக்குக் கிடைத்ததே என்று எனக்கும் ஆசையாக இருந்தது. சூப்பர்வைசரிடம் வயிற்றுவலி என்று சொல்லி லீவு போட்டுவிட்டேன்.

இருட்டத் தொடங்குகிற நேரம், படியில் ஷூ சத்தம் கேட்டது. நீலச் சட்டை, தோளில் பை, கழுத்தில் அட்டை. செங்கலுக்குப் பின்னால் தானாகக் கை போயிற்று, சாவியில்லை என்றதும் உள்ளே எட்டிப் பார்த்தான். நான் எழுந்து ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“வாங்க முருகேசன், ஊர்லருந்து யாரு வந்திருக்காங்க பாருங்க.”

அவன் பெரியவரைப் பார்த்தான். பெரியவர் அவனைப் பார்த்தார். இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவன் கையை நான்தான் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை சூடாக இருந்தது.

அவன் செய்யாற்றுப் பையன். ஆடி கழிந்ததும் வேலைக்கு வந்தவன். பென்னலூரில் பாதிப் பாய் காலியாக இருக்கிறது என்று கான்ட்ராக்டரின் ஆள் இவனை அனுப்பியிருக்கிறான். எங்களுக்குத் தெரியும் என்றே இவன் நினைத்திருக்கிறான். முதல் நாள் ஜன்னலில் பாதி பிஸ்கட் பாக்கெட் இருந்ததாம், தின்றானாம். அடுத்த முறை தன்னுடையதில் பாதியை வைத்தானாம். அவனும் இடப்பக்கம்தான் ஒருக்களித்துப் படுப்பான். பள்ளம் அங்கேதானே இருக்கிறது, அங்கேதான் உடம்பு போகிறது என்றான். ஐப்பசி மழை தொடங்கியிருந்த நேரம் அது. அத்தனை நாளும் முருகேசன் இல்லாமலே முருகேசனோடு இருந்திருக்கிறேன்.

எப்போது போனான் என்று பெரியவர் ஒவ்வொருவரிடமும் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. அவனோடு ஒரே ஷிஃப்ட்டில் படுத்த இரண்டு பேரும் அதற்குள் மாறிப்போயிருந்தார்கள். கீழ்வீட்டு அம்மாவிடம் போனோம்.

“ஆறு பேரு இருக்கணும், ஆறு பேரு இருக்கீங்க. எவன் வந்தான் எவன் போனான்னு நான் இன்னாத்தக் கண்டேன்?” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியாது.

மறுநாள் அவனுடைய கம்பெனி வாசலுக்கு அழைத்துப் போனேன். கான்ட்ராக்ட் மாறிவிட்டது, அந்தப் பெயரில் இப்போது ஆள் இல்லை என்றார்கள். பிறகு ஒரகடம் கூட்ரோட்டில் ஷிஃப்ட் விடும் நேரத்தில் நின்றோம். பஸ் பஸ்ஸாக இறங்கினார்கள். ஒரே சட்டை, ஒரே பை, எல்லோருக்கும் தூக்கத்தில் பாதி மூடிய கண். பெரியவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நான் உதவியாக நிற்பதுபோல நின்றேன், அவ்வளவுதான். அவர் சட்டைப்பையில் வைத்திருந்தது பத்தாம் வகுப்பு ஹால்டிக்கெட் படம். அந்தக் குழந்தை முகத்துக்கு மீசை வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. கூட்டம் கலைந்த பிறகும் அவர் ரோட்டின் எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஊரில் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது அப்போதுதான். நான் காணாமல் போனாலும் அந்தப் பாய் ஆறாது.

போலீஸில் சொல்லிவிட்டு, எங்கள் அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார்.

அந்த மாடி இப்போது இல்லை. போன வருஷம் அந்த வழியாகப் போனேன். வரிசை அறைகள் இருந்த இடத்தில் கண்டெய்னர் லாரிகள் திரும்ப ஒரு மைதானம். கீழ்வீட்டு அம்மாவும் எங்கேயோ குடிபோய்விட்டாராம். எது எங்கள் படி என்றுகூட மட்டுக்கட்ட முடியவில்லை.

முருகேசன் கிடைத்தானா என்றுதானே கேட்கிறீர்கள்? பெரியவர் போய் ஒரு மாதம் இருக்கும், எனக்கு அவரிடமிருந்து போன் வந்தது. அவன் பேசிவிட்டானாம். ஏதோ புது நம்பர். நல்லா இருக்கேன், ஓவர்டைம் இருக்கு, பொங்கலுக்கு வர முடியாது, அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்க என்றானாம். அம்மாக்காரி அன்றைக்கே சாப்பிட உட்கார்ந்துவிட்டாளாம். எனக்கு அப்பாடா என்று இருந்தது. சந்தோஷம் என்றேன்.

அவர் உடனே வைக்கவில்லை.

“நீதான் பேசுனியா தம்பி?”

“இல்லீங்க. சத்தியமா நான் பேசல. அவராத்தான் இருக்கும்.”

“சரிப்பா. யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கட்டும். முருகேசன் என்னைய அய்யான்னுதான் கூப்பிடுவான். அன்னைக்குப் பேசினவன் அப்பான்னான். அவங்கம்மாகிட்ட நான் இதச் சொல்லிக்கிடல.”