வெள்ளைக் கோட்டும் சரோஜா ஆன்ட்டியின் காலும்

நேற்று தாம்பரம் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டிக்காக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். மடியில் மடித்து வைத்த வெள்ளைக் கோட்டு, அதிலிருந்து லேசாக ஸ்பிரிட் வாடை. சும்மா இருக்க மாட்டாமல், "என்னம்மா படிக்கிற?" என்று கேட்டேன். "நர்சிங், ஆன்ட்டி" என்றாள். ஆன்ட்டி என்றதைக்கூட மன்னித்துவிட்டேன். ஒரே வார்த்தையில் பதில் சொல்லி முடித்துவிட்டாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் படித்த படிப்பின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வண்டி பெருங்களத்தூரைத் தாண்டிவிடும்.

சமூக அறிவியலும் சுகாதார அறிவியலும் சேர்ந்த பட்டப்படிப்பு அது. சேலையூரில் எங்கள் தெருவில் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். "அப்போ டாக்டரா?" இல்லை. "நர்ஸா?" இல்லை. "பின்ன என்னதான்மா படிக்கிற?" அப்பா இந்த வம்பே வேண்டாமென்று, 'மெடிக்கல் சைடு' என்று எல்லோரிடமும் சொல்லிவைத்துவிட்டார். நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே யாராவது எக்ஸ்ரேயைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் திறப்பார்கள்.

தெருவாவது பரவாயில்லை. கல்லூரி அதைவிட மோசம். இரண்டு துறை, இரண்டு கட்டடம். சமூகவியல் மேடம் சொல்வார்: "போங்க, உக்காருங்க, கேளுங்க. அட்வைஸ் பண்ணவே கூடாது. முதல்ல நீங்க போட்டிருக்கற அந்த வெள்ளைக் கோட்டைக் கழட்டுங்க, ஜனங்க பயப்படுவாங்க." சுகாதாரத் துறை சார் சொல்வார்: "கதை கேக்கவா போறீங்க? பிரஷர் பாருங்க, சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு வாங்க. கோட்டு இல்லாம போனா எவன் மதிப்பான்?" இவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். நடுவில் கிடந்து மண்டை காய்ந்தது நாங்கள்தான்.

படிப்பு முடியும்வரை ஆளுக்கு ஒரு குடும்பத்தைத் தொடர்ந்து போய்ப் பார்த்துவர வேண்டும். எனக்கு வாய்த்தது சிட்லபாக்கம் ஏரிப் பக்கத்தில் ஒரு வீடு. ஏதோ ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அங்கிள், அவர் மனைவி சரோஜா ஆன்ட்டி. ஆன்ட்டிக்குச் சர்க்கரை. ஒரு வாரம் சாருக்காகக் கோட்டோடு போவேன், மறு வாரம் மேடத்துக்காகக் கோட்டில்லாமல் போவேன்.

கோட்டோடு போனால் அங்கிள் நாற்காலியை இழுத்துப் போட்டு முன்னால் உட்கார்ந்துவிடுவார். "ஆன்ட்டி, மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" என்றால், "போடறா, எழுதிக்கோ" என்பார். "கால் மரத்துப் போகுதா ஆன்ட்டி?" "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, எழுதிக்கோ." யார் கால் ஐயா அது! பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுவேன். கோட்டில்லாமல் போனால் நான் வெறும் காலேஜ் பொண்ணு. அங்கிள் எழுந்து டிவி நியூஸ் பார்க்கப் போய்விடுவார். அப்போதுதான் ஆன்ட்டிக்கு வாய் திறக்கும்.

அப்படி ஒரு நாள், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். சாக்ஸைக் கழற்றி இடது காலைக் காட்டினார். கட்டைவிரலுக்கு அடியில் புண், மேலே கிழிந்த துணிக்கட்டு. சர்க்கரைக்காரர்களுக்கு வலிக்காமலே வளர்கிற புண். கவனிக்காமல் விட்டால் காலையே எடுக்க வேண்டி வரும்.

"ஐயோ, அங்கிள்கிட்ட சொல்லுங்க ஆன்ட்டி!"

"சொன்னா வாக்கிங்கை நிறுத்திடுவார். காலைல எங்க செட்டு நாலு பேரு ஏரிக்கரைல நடக்கறோம் பாரு, அப்பதான்டி நான் மனுஷி மாதிரி பேசறேன். நீ பாட்டுக்கு அடுத்த வாரம் கோட்டை மாட்டிக்கிட்டு வந்து உளறிடாத."

மேடத்திடம் ஓடினேன். "நம்பிச் சொல்லியிருக்காங்க. நீ தலையிடாத, அவங்களே முடிவெடுக்கட்டும்" என்றார். சாரிடம் ஓடினேன். "வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லு, முடிஞ்சது" என்றார். அடக் கடவுளே! மேடம் பேச்சைக் கேட்டால் கால் போகும், சார் பேச்சைக் கேட்டால் ஏரிக்கரை போகும். இந்த லட்சணத்தில் இதற்கு இரண்டும் சேர்ந்த படிப்பு என்று பெயர்.

கடைசியில் இருவரிடமும் சொல்லாமல், குரோம்பேட்டையில் விடியற்காலையிலேயே திறக்கிற ஒரு சர்க்கரை கிளினிக்கைப் பிடித்தேன். ஆன்ட்டி வாக்கிங் போவதுபோலவே வீட்டிலிருந்து கிளம்பினார். ஏரி முனையில் ஆட்டோவோடு நின்றேன். செட்டில் மற்ற மூன்று பேரும் நானும் வருவேன், நானும் வருவேன் என்று ஏறிக்கொண்டார்கள். டிரைவர் திரும்பிப் பார்த்து, "இன்னாம்மா, கல்யாணத்துக்கா போறீங்கோ? போலீஸ்காரு நின்னுகினு கீறாரு, ரெண்டு பேரு எறங்குங்கோ" என்றார். ஒருவரும் இறங்கவில்லை.

புண் ஆறும்வரை நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் என்ன, காலையில் கட்டு மாற்ற ஆட்டோவில் போகப் போக, பேச்செல்லாம் கிளினிக் பெஞ்சுக்கு மாறியது. மருமகள், மூட்டுவலி, மாவு மில் எல்லாம் அங்கேயே நடந்தது. "இவ்ளோ நடந்தும் உடம்பு இளைக்கலையே" என்று அங்கிள்தான் வீட்டில் அலுத்துக்கொண்டாராம். கொஞ்சம் கொஞ்சமாகப் புண் ஆறிவிட்டது.

விஷயம் தெரிந்ததும் தலையிட்டதற்காக மேடம் மார்க்கைக் குறைத்தார். ரிப்போர்ட்டில் எழுதாததற்காகச் சாரும் குறைத்தார். இதில் மட்டும் என்ன ஒற்றுமை!

அந்தப் படிப்பையே பிறகு மூடிவிட்டார்கள். அவரவர் துறை, அவரவர் கட்டடம். தொலையட்டும், அதற்காக நான் ஒன்றும் அழவில்லை.

போன மாதம் சிட்லபாக்கம் பக்கம் வேலையாகப் போனவள் ஆன்ட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கிள் காலமாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஏரியைச் சுற்றி நல்ல நடைபாதை, விளக்கு, உட்கார பெஞ்சு எல்லாம் வந்திருக்கிறது.

"இப்ப தினமும் வாக்கிங் ஜோரா நடக்குதா ஆன்ட்டி? தடுக்க யாரும் இல்லையே?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"எங்க செட்டுல லலிதாவைப் பையன் அமெரிக்காவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். மேரி கோயம்புத்தூர்ல பொண்ணு வீட்டுல இருக்கா. விஜயா போய்ச் சேர்ந்துட்டா" என்றார்.

எனக்கு வந்த எரிச்சலை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. ஆன்ட்டி புடவையைக் கொஞ்சம் ஒதுக்கி இடது காலை என் முன்னால் நீட்டினார்.

"பாரு, கால் நல்லாத்தான் இருக்கு. கூட நடக்கத்தான் ஒருத்தரும் இல்ல."