ஹெர் தங்கப்பன்

இங்கே ஜெர்மனியில், மருத்துவரின் காத்திருப்பறையில் என் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள். நான் எழுந்து போகிறேன். "ஹெர் தங்கப்பன்!" திருவாளர் தங்கப்பனாம். எங்கள் ஊர் அருமனையில் என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக நின்றவர் அவர். பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த எழுத்தை விரித்துக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போட்டார்கள். அன்றோடு குமரேசன் என்ற ஆளுக்கு இந்த நாட்டில் வேலையில்லாமல் போயிற்று. ஊரில் அம்மாகூட அப்பாவின் பெயரைச் சொல்லமாட்டாள். இங்கே போனில் விளம்பரம் பேசுகிறவனும் சொல்கிறான்.

அது வெறும் எரிச்சலாகத்தான் இருந்தது, மகள் பிறக்கும்வரை. பள்ளிச் சான்றிதழில் த. குமரேசன், பாஸ்போர்ட்டில் குமரேசன் தங்கப்பன். இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபித்தால்தான் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் என்றது பதிவு அலுவலகம். சான்றிதழ் இல்லாமல் அவளுக்குப் பாஸ்போர்ட் கிடையாது, பாஸ்போர்ட் இல்லாமல் ஊர்ப்பயணம் கிடையாது. அங்கே அப்பா பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். போனில் வாய் குழறக் குழற ஒன்றையேதான் கேட்பார்: "ஏலே மக்கா, பிள்ளைய எப்பம்ல கொண்டு வருவ?"

நானோ காகிதங்களுக்குள் கிடந்தேன். ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்றைக் கேட்டார்கள். தேடித் தேடி வெறுத்துப்போய், வீட்டு நெட்வொர்க்கில் படங்கள் போட்டுவைக்கும் ஸ்டோரேஜ் கருவியில், ஆவணங்களை அடுக்கும் இலவச மென்பொருள் ஒன்றை நிறுவினேன். ஸ்கேன் செய்து போட்டால் போதும். அதுவே வாசித்து, யாருடையது என்று பிரித்துவைக்கும். ஆளின் பெயரைக் கேட்டது. வருகிற கடிதமெல்லாம் ஹெர் தங்கப்பனுக்குத்தானே? அதையே கொடுத்துத் தொலைத்தேன். தங்கை சுபா அனுப்பிய அப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் அதிலேயே போட்டேன். பிறகு 'தங்கப்பன்' அடுக்கை அப்படியே அச்செடுத்து அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அங்கிருந்த அதிகாரி அம்மாள் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"உங்களுக்குப் பக்கவாதம் வந்ததா, ஹெர் தங்கப்பன்?"

"அது என் அப்பா."

"அவர் பெயர்?"

"தங்கப்பன்."

"நீங்கள்?"

"குமரேசன்."

"இங்கே தங்கப்பன் என்றிருக்கிறதே."

"அதுவும் அப்பாதான்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிதானமாகக் கேட்டார்: "அப்படியானால் இந்தக் குழந்தையின் தந்தை யார்?"

அந்த மேஜையைக் கவிழ்த்திருப்பேன். எங்கள் ஊரில் குடும்பப் பெயர் இல்லை, அப்பன் பெயர்தான் என்று கத்தினேன். குரலைத் தாழ்த்தச் சொன்னார். நானும் அப்பாவும் வேறு வேறு ஆட்கள் என்று தூதரகச் சான்று வேண்டுமாம். முதலில் நான் ஒரே ஆள் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. இப்போது இரண்டு பேர் என்று நிரூபிக்க வேண்டும். அப்பன் பெயரைச் சுமந்ததற்கு இப்படி ஒரு தண்டனையா?

வெளியே வந்து சுபாவை அழைத்தேன். "அப்பா ஒனக்க போன எடுக்கமாட்டாராம் அண்ணா. பிணங்கிக் கெடக்காரு. அவன் மனசு வச்சா வராம இருப்பானாங்காரு."

நான் மனசு வைக்கவில்லையாம்!

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த அடுக்கைப் பிரிக்க உட்கார்ந்தேன். ஒரே பெயரில் இரண்டு ஆட்களை மென்பொருள் ஏற்கவில்லை. அதுவும் இந்த நாட்டோடு சேர்ந்துகொண்டது. சரி, தங்கப்பன் அப்பாவே இருக்கட்டும் என்று எனக்குக் குமரேசன் என்று புதிதாக ஓர் அடுக்கைத் திறந்து, என் காகிதங்களை ஒவ்வொன்றாக அதற்கு மாற்றினேன். கடைசியாக அன்றைய தபாலை ஸ்கேன் செய்தேன். மருத்துவக் காப்பீட்டிலிருந்து வந்தது, மகளுக்கென்று வந்த முதல் கடிதம். 'மலர் தங்கப்பன்' என்றிருந்தது. மென்பொருள் அதை வாசித்து, அப்பாவின் அடுக்கில், அவருடைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது.

அதை மட்டும் நான் மாற்றவில்லை.