லேப்டாப்புக்கு வைத்த சந்தனம்

பரசுராமனைப் போல ஒரு பிடிவாதக்காரரை வேங்கிக்கால் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. ஒரு பொருள் கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "கெட்டுப்போச்சுனு சொல்லாத. உனக்குத் தெரியலனு சொல்லு" என்பார். 2008-ஆம் வருஷம் புரட்டாசி மாதம் முழுக்க இதைத் தினமும் கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. என் ஜெராக்ஸ் கடைக்கும் அவருடைய டி.டி.பி. கடைக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர்தான்.

அவர் முதலில் போர்டு எழுதுகிறவராக இருந்தார். முத்து முத்தான எழுத்து. இங்கே சில வருஷம் தங்கியிருந்த ஜெர்மன்காரர் ஒருவர் 1996-இல் ஊருக்குத் திரும்பும்போது தன் லேப்டாப்பை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று கிலோ கனம் இருக்கும். பரசுராமன் எட்டு மாதம் அதன் முன்னால் உட்கார்ந்து, தூரிகையால் எழுதியதை ஸ்கேன் செய்து, வளைவு வளைவாகச் சரிசெய்து, தன் கையெழுத்தையே ஒரு தமிழ் ஃபாண்டாக மாற்றினார். அடுத்த இரண்டு வருஷம் இந்த வட்டாரத்தில் பாதிக் கல்யாணப் பத்திரிகை அந்த எழுத்தில்தான் வந்தது.

1999-இல் ஆயுத பூஜைக்கு மறுநாள் லேப்டாப்பைத் திறந்தால் திரை கறுப்பாக இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது, உள்ளே காற்றாடி ஓடியது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. "ஊர்க் கண்ணு பட்டுடுச்சு" என்றார் அவர் மனைவி ஆதிலட்சுமி. ஃபாண்டைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்த ஃப்ளாப்பிகளைப் பார்த்தால் எல்லாவற்றிலும் பூஞ்சை. மறு வருஷமே மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து அவருடைய வலது மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் பிரித்த பிறகு சாப்பிட முடிந்தது, மவுஸ் பிடிக்க முடிந்தது. தூரிகை பிடித்தால் கை நடுங்கியது. வேறொரு கம்ப்யூட்டர் வாங்கி, கடையில் கிடைத்த ஃபாண்டுகளை வைத்துத் தொழிலை நடத்தினார். குறை என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மகள் ஓவியாவுக்கு ஐப்பசியில் கல்யாணம் என்று நிச்சயமானதும்தான் பிடிவாதம் பிடித்துக்கொண்டது. "ஊர்ப் பொண்ணுங்களுக்கெல்லாம் என் எழுத்துல பத்திரிகை அடிச்சேன். என் பொண்ணுக்கு எவன் எழுத்துலயோ அடிக்கிறதா?" அச்சகக்காரர் விஜயதசமி அன்று முதல் வேலையாக ஓவியாவின் பத்திரிகையைப் போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அதற்குள் லேப்டாப் கண் திறந்தாக வேண்டும்.

அடாப்டரை மாற்றினார். திருகுகளைக் கழற்றித் தூசி தட்டினார். சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போனால், அங்கே ஒரு மெக்கானிக் "பேரீச்சம்பழத்துக்குப் போடுங்க சார்" என்று சொல்லி அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஆயுத பூஜை அன்று காலை, வெறுத்துப்போய் லேப்டாப்பை ஓடவிட்டபடியே வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார். உள்ளே ஆதிலட்சுமி பூஜைக்காகச் சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஊர்க் கண் படக் கூடாது என்று 1999-இலிருந்தே அந்த லேப்டாப்புக்கு மட்டும் வருஷா வருஷம் சந்தனம் கொஞ்சம் ஜாஸ்தி. மூடியைத் திறந்து வைத்து, திரையும் கீபோர்டும் சேருகிற மூலையில் ஒரு அப்பு அப்புவார். புதுச் சந்தனம் வைப்பதற்காக, காய்ந்து இறுகியிருந்த பழசை ஈரத்துணியால் ஊறவைத்து ஊக்கால் நோண்டினார். மற்ற வருஷங்களில் இதைச் செய்யும்போது லேப்டாப் அணைந்தே கிடக்கும்; இந்தத் தடவை ஓடிக்கொண்டிருந்தது. டிக் என்று கடுகளவு பொத்தான் ஒன்று மேலே எழும்பியது. திரையில் வெளிச்சம் வந்தது.

"இன்னாங்க, ஓடியாங்க! வந்துடுச்சு!"

நானும் ஓடினேன். மூடியை மூடினால் அழுந்தி, திரையை அணைக்கச் சொல்லும் பொத்தான் அது. சந்தனம் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டதால், மூடித்தான் வைத்திருக்கிறார்கள் என்று அந்த அப்பாவி மெஷின் ஒன்பது வருஷம் நம்பியிருக்கிறது.

"கண்ணு பட்டுச்சுன்னியே" என்றார் பரசுராமன், மனைவியைப் பார்த்து. "பட்டது உன் சந்தனம்."

"ஆமா, நான்தான் வச்சேன். இம்மாம் கனத்தைத் தூக்கிப் போடாம பத்திரமா வச்சிருந்ததும் நான்தான்."

அவர் லேப்டாப்பிடம் கையைக் கொண்டுபோனார். ஆதிலட்சுமி தடுத்தார். "பூஜைக்கு வச்சதுல இன்னைக்கு வேலை செய்யலாமா? நாளைக்கு எடுங்க."

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. பத்து மணி ஆனால் தினமும் கரண்ட் போகும். மணி ஒன்பது நாற்பது. ஒருமுறை அணைந்தால் இது மறுபடி எழும் என்று யார் சொல்ல முடியும்? ஊரோடு சண்டை போடும் மனுஷன், மனைவி சொன்னதும் கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார். உடைந்த மணிக்கட்டை இடது கை தானாகத் தடவிக்கொண்டிருந்தது. ஆதிலட்சுமியும் அதைப் பார்த்தார்.

"பொட்டு வச்சாத்தானே பூஜைக்கு வச்ச மாதிரி?" என்றார், சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தபடி. "இன்னும் வைக்கல. இப்ப இது துடைக்கிற சாமான்தான். சீக்கிரம் எடுங்க, நான் நிக்கிறேன்."

என் கடையிலிருந்து இரண்டு புது ஃப்ளாப்பிகள் கொண்டுவந்தேன். முனகி முனகி ஃபாண்ட் இரண்டிலும் ஏறியது. வெளியே எடுத்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. ஆதிலட்சுமி மூடியைச் சாத்தி, அதன் முதுகில் மட்டும் சின்னதாக ஒரு பொட்டு வைத்தார்.

கடைக் கம்ப்யூட்டருக்கு ஏற்கெனவே பொட்டு வைத்தாகிவிட்டது. அதனால் ஃப்ளாப்பியைப் போட்டுப் பார்க்க மறுநாள் வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. விஜயதசமி காலையில் போட்டோம். ஒரு எழுத்து குறையவில்லை. 'ஓவியா' என்று அடித்துப் பார்த்துவிட்டு மனுஷன் குழந்தை மாதிரி அழுதார். நானும்தான் அழுதேன், எனக்கென்ன வெட்கம்!

முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. கீழ்பென்னாத்தூரில் ஆதிலட்சுமியின் அண்ணன் சின்னசாமி வீட்டுக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். சின்னசாமி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் செய்கிறவர்; ஃபாண்ட், கீண்ட் எதுவும் தெரியாது. தாம்பாளத்திலிருந்து பத்திரிகையை எடுத்துப் பிரித்தவர் ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவிப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னா மாப்ள, கை சரியாயிடுச்சா? சொல்லவே இல்லியே நீங்க!"

ஃபாண்ட் என்றால் என்ன என்று எல்லாருக்கும் அரை மணி நேரம் வகுப்பெடுக்கிற பரசுராமன் வாயைத் திறந்தார். பக்கத்திலிருந்த ஆதிலட்சுமியை ஒரு தரம் பார்த்தார்.

"சரியாயிடுச்சு மச்சான்" என்றார்.